கோலாக் கடலில் பார்த்த கருப்புப் பறவை ஆப்புவாலனா, ஊன்காலனா? ஒன்றுக்கு மட்டும் ஏன் கவலை?

தேவனாம்பட்டினத்தான்:

நான் பறவை பார்க்கிற ஆள் கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜூன் கடைசியில் மாமாவின் ஃபைபர் படகில் கோலாவுக்கு, அதாவது பறக்கும் மீன் பிடிக்க, போனேன். போனேன் என்பதைவிட, லீவில் வீட்டில் சும்மா கிடந்தவனை இழுத்துக்கொண்டு போனார் என்பதுதான் சரி. கரை கண்ணுக்கு மறைந்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது. விடிகிற நேரம், ஒரு இடத்தில் சூரை மீன் கூட்டம் கிளம்பித் தண்ணீர் உலை மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது, அதற்கு மேலே ஐம்பது அறுபது கருப்புப் பறவைகள். ஆலா இல்லை, ஆலா எனக்குத் தெரியும். இவை உடம்பு முழுக்க ஒரே காப்பிக்கொட்டை நிறம், வயிறுகூட வெள்ளை இல்லை. இறக்கையை அதிகம் அடிக்காமல் அலைக்கு அலை ஒருக்களித்துச் சாய்ந்து போகின்றன, நுனி தண்ணீரைக் கீறிவிடும் போல. மாமாவைக் கேட்டால் "கடல்காக்கா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவருக்கு அதைப் பார்த்தால் கீழே சூரை இருக்கிறது என்று அர்த்தம், அதற்கு மேல் பெயர் எதற்கு?

ஆடுகிற படகில் போனில் எடுத்த படங்களைத் தெரிந்த இரண்டு பேருக்கு அனுப்பினேன். ஒருவர் வெட்ஜ்-டெயில்டு ஷியர்வாட்டர் என்கிறார், இன்னொருவர் ஃபிளெஷ்-ஃபுட்டட் ஷியர்வாட்டர் என்று சத்தியம் பண்ணுகிறார். வாயில் நுழையாததால் முதலாவதை ஆப்புவாலன், இரண்டாவதை ஊன்காலன் என்று வைத்துக்கொள்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தேடிப் பார்த்ததில் எனக்குக் குழப்பம் கூடியதுதான் மிச்சம். இரண்டும் கருப்பு, இரண்டும் தீவில் மண்ணைப் பறித்து வளைக்குள் ஒரே ஒரு முட்டை இடுகின்றன, இரண்டும் மீனும் கணவாயும் தின்கின்றன. ஆனால் அழியும் ஆபத்தைக் கணக்கெடுக்கிற உலக அமைப்பான ஐயுசிஎன்னின் சிவப்புப் பட்டியலில் ஆப்புவாலன் "தீவாய்ப்பு கவலை குறைந்த இனம்", ஊன்காலன் "அச்சுறு நிலையை அண்மித்த இனம்". ஒரே கடலில் பறக்கிற, பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிற இரண்டில் ஒன்றுக்கு மட்டும் ஏன் இந்தக் கவலை? அப்புறம், என் படத்தில் இருப்பது எது என்று எதை வைத்துச் சொல்வது?

உப்பனாறு:

தம்பி, முதலில் மாமாவுக்கு ஒரு சலாம். சூரை கீழே இருந்து சின்ன மீனை மேலே விரட்டும், பறவை மேலே இருந்து எடுக்கும், ஆப்புவாலன் பிழைப்பில் பெரும்பகுதி அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் "கடல்காக்கா" என்ற பெயரை நம்பி எதையும் தேடாதீர்கள், நம் பக்கம் அதை ஆளுக்கு ஒரு பறவைக்கு வைத்திருக்கிறார்கள். புத்தகத்தில் கடற்காகம் என்றால் ஆங்கிலத்தில் ‘gull’ என்கிற பறவை, அதாவது துறைமுகத்தில் சாம்பலும் வெள்ளையுமாக மீன் குடலுக்குச் சண்டை போடுமே, அது. நீர்க்காகம் வேறு. ஷியர்வாட்டர் இந்த இரண்டுக்கும் சொந்தமே இல்லை, அது அல்பட்ரோஸ் வகையறா. அலகின் மேல் குழாய் மாதிரி மூக்கு இருக்கும்.

இப்போது அடையாளம். காலைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள், பெயர் வைத்தவர்கள் நம்மை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். ஊன்காலனுக்குக் கால் இளஞ்சிவப்பு, அது சரிதான், ஆனால் ஆப்புவாலனுக்கும் கால் அதே நிறம்தான்! பறக்கும்போது அதுவும் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நான் முதல் இரண்டு வருடம் காலையே பார்த்துப் பார்த்துத் தப்பாக எழுதி வைத்திருந்தேன்.

பார்க்க வேண்டியது அலகு. ஊன்காலனுக்கு அலகு வெளிர் நிறம், வைக்கோலில் கொஞ்சம் ரோஸ் கலந்த மாதிரி, நுனி மட்டும் மையில் தோய்த்ததுபோல் கருப்பு. வெயில் பட்டால் தூரத்திலேயே பளிச்சென்று தெரியும். ஆப்புவாலனுக்கு அலகு முழுக்க ஈயச் சாம்பல், இன்னும் மெல்லியது. அடுத்தது வால். ஆப்புவாலனின் வால் நீளம், விரித்தால் ஆப்பு வடிவம், ஆனால் பறக்கும்போது விரிக்காது, கூராக ஒரு முனை பின்னால் நீண்டு தெரியும். ஊன்காலனுக்குக் குட்டையான, விசிறி மாதிரி வட்ட வால். அப்புறம் கனம். ஆப்புவாலன் 400 கிராம் பக்கம், ஊன்காலன் 600, 700 வரை போகும். அதனால் ஊன்காலன் இறக்கையை நேராக, விறைப்பாக வைத்து நிதானமாக அடிக்கும். ஆப்புவாலன் இறக்கையை முன்னால் வளைத்துப் பிடித்துக் காற்றில் காகிதம் மாதிரி தூக்கிப் போடும்.

நீங்கள் சொன்ன "இறக்கையை அதிகம் அடிக்காமல்" என்பது எந்தப் பக்கமும் சாயும், காற்று பலமாக இருந்தால் எல்லா ஷியர்வாட்டரும் அப்படித்தான் போகும். படத்தைப் பெரிதாக்கி அலகைப் பாருங்கள்.

நல்லவாடு சோழகன்:

நான் மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை, இப்போதும் வருடத்தில் நாலு மாதம் கடலுக்குப் போகிறேன். இந்தப் பறவையை எங்கள் தாத்தா காலத்தில் இருந்து கோலா சீசனில்தான் பார்க்கிறோம். அப்போதெல்லாம் கொழிஞ்சிச் செடியைக் கட்டுக்கட்டாக மிதக்கவிட்டு, அதில் முட்டையிட வருகிற கோலாவை அள்ளுவார்கள். கரைப்பக்கம் இது வராது. கடலூர், புதுச்சேரிக்கு எதிரே கடல் சீக்கிரமே ஆழமாகிவிடும், அடியில் பெரிய பள்ளத்தாக்கே ஓடுகிறது, அந்த ஆழம் தொடங்குகிற இடத்தில்தான் இதைப் பார்க்கலாம்.

ஒரு விஷயம் கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். இந்த மாதிரிப் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் "மீனவர்கள்தான் காரணம்" என்று வந்து நிற்கும். ஆமை செத்தாலும் நாங்கள், டால்பின் செத்தாலும் நாங்கள். மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கிற சுருக்குமடி வலைக்காக எங்களுக்குள்ளேயே ஊருக்கு ஊர் அடிதடி நடந்திருக்கிறது, அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் என் வலையில் இந்தக் கருப்புப் பறவை மாட்டி நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆயிரங்கால் தூண்டில் போடுகிற சூரைப் படகுக்காரர்களிடமும் கேட்டேன், அவர்களும் இல்லை என்றுதான் சொன்னார்கள். அப்புறம் ஊன்காலன் எங்கே போய்ச் சாகிறது?

காலாப்பட்டு:

அண்ணா கேட்டது நியாயமான கேள்வி. பதில் இந்தக் கடலில் இல்லை, தெற்கே இருக்கிறது.

ஊன்காலன் கூடு வைக்கிற இடங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் உள்ள தீவுகள், கிழக்கே லார்ட் ஹோவ் தீவு, நியூசிலாந்தைச் சுற்றிய தீவுகள், இந்தியப் பெருங்கடலின் நடுவே பிரான்சுக்குச் சொந்தமான செயிண்ட் பால் என்ற எரிமலைத் தீவு. ஏறக்குறைய அவ்வளவுதான். உலகம் முழுக்கச் சேர்த்து சுமார் 74,000 ஜோடிகள் என்று ஒரு மதிப்பீடு. ஆப்புவாலனுக்கு ஹவாய், செஷல்ஸ், மொரீஷியஸ், ரீயூனியன், ஆஸ்திரேலியாவின் இரண்டு கரை, பசிபிக்கின் சின்னச் சின்னத் தீவுகள் என்று வெப்பமண்டலம் முழுக்க வீடு. 50 லட்சம் பறவைகளுக்கு மேல். ஒரு தீவில் பூனை, எலி புகுந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டாலும் மற்ற தீவுகள் இருக்கின்றன.

ஆனால் எண்ணிக்கை மட்டும்தான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். அது தப்பு என்பதற்கு இன்னொரு கருப்பு ஷியர்வாட்டரே சாட்சி. சூட்டி ஷியர்வாட்டர் என்று ஒன்று, உலகில் 2 கோடி பக்கம் இருக்கிறது, அதையும் ஊன்காலனோடு அதே வரிசையில்தான் வைத்திருக்கிறார்கள். பட்டியல் போடுகிறவர்கள் இன்றைக்கு எத்தனை என்று பார்ப்பதைவிட எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்றுதான் பார்க்கிறார்கள். மூன்று தலைமுறைக்குள் 30 சதவீதம் குறைந்தால் "அழிவாய்ப்பு இனம்". அதைத் தொடாமல், தொடுகிற தூரத்தில் நின்றால் "அண்மித்த". இந்தத் தமிழ்ப் பெயரை யார் வைத்தார்களோ, ஒரு மூச்சில் சொல்ல முடியவில்லை. ஆப்புவாலனும் குறைந்துகொண்டுதான் வருகிறது, அதைக் கவனியுங்கள். "கவலை குறைந்த" என்றால் கூடுகிறது என்று அர்த்தமில்லை, அந்த அளவு வேகமாகக் குறையவில்லை, அவ்வளவுதான்.

இனி அண்ணாவின் கேள்வி. லார்ட் ஹோவ் தீவில் 1978க்கும் 2002க்கும் இடையில் ஊன்காலன் சுமார் 19 சதவீதம் குறைந்தது. அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடலில் சூரைக்கும் கொப்பரன் மீனுக்கும் போட்ட நீளத் தூண்டில்களில் இந்தப் பறவை நிறைய மாட்டியது. தூண்டிலை இறக்கும்போது இரை கொஞ்ச நேரம் மேலேயே மிதக்கும், இது பாய்ந்து கவ்வும், முள் தொண்டையில் ஏறும், கயிறு கீழே இழுத்துக்கொண்டு போய்விடும். மேற்கே ஆல்பனி பக்கம் வேறு கதை, அங்கே மத்தி பிடிக்கிற சுருக்குமடியில் சிக்குகிறது. ஆமாம், அதே சுருக்குமடி. அங்கேயும் அதற்காக விதிமுறை போட்டு, பறவை கூடுகிற நேரம் பார்த்து வலை போடுவதை மாற்ற வேண்டியதாயிற்று. தூண்டிலுக்கும் வழி இருக்கிறது. ராத்திரியில் இறக்குவது, கயிற்றில் கனம் சேர்த்துச் சீக்கிரம் மூழ்கவிடுவது, படகின் பின்னால் பட்டைத் துணி தொங்கும் கயிறு கட்டி விரட்டுவது.

அதுபோக லார்ட் ஹோவில் வீடு கட்டக் கட்ட வளை தோண்ட இடம் போயிற்று, ரோட்டில் கார் அடித்தும் செத்தன. சில பறவைதானே என்று தோன்றும். ஆனால் இது பல வருடம் வளர்ந்த பிறகுதான் முதல் முட்டை இடும், அப்புறமும் வருடத்துக்கு ஒன்றுதான், அந்த ஒன்று உடைந்தால் அந்த வருடம் அவ்வளவுதான். இப்படிப்பட்ட பறவையில் ஒரு பெரியது செத்தால் அது வெறும் ஒரு பறவை போனதாகாது.

நல்லவாடு சோழகன்:

சரி, இப்போது புரிகிறது. இரை மிதக்கும்போது கவ்வும் என்றீர்கள், ஆனால் இது மேல்தண்ணீர்ப் பறவை மட்டும் இல்லை. முங்கு போட்டால் ரொம்ப நேரம் கழித்துத்தான் வேறு இடத்தில் எழும்புகிறது. எவ்வளவு ஆழம் போகும்?

உப்பனாறு:

ஆப்புவாலனில் கருவி கட்டிப் பார்த்ததில் 66 மீட்டர் வரை போயிருக்கிறது. வழக்கமாகப் போகிற அதிகபட்சம் 14 மீட்டர் சுமார். இறக்கையாலேயே தண்ணீருக்குள் துழாவிப் போகும்.

நல்லவாடு சோழகன்:

66 மீட்டர் என்றால் 36 பாகம். 400 கிராம் பறவை! நம்புகிறேன், ஆனால் நம்ப முடியவில்லை.

வெள்ளி மணல்:

யாரும் பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேசவில்லையே. ஊன்காலன் பெயர் உலகம் முழுக்கச் செய்தியில் அடிபட்டதே அதனால்தான். 2023இல் லார்ட் ஹோவ் குஞ்சுகளின் இரைப்பையை வெட்டிப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், பிளாஸ்டிக் உரசி உரசி உள்சுவர் முழுக்க வடு ஏறி இறுகிப்போயிருப்பதைப் பார்த்து அதற்குத் தனியாக ஒரு நோய்ப் பெயரே வைத்தார்கள், பிளாஸ்டிகோசிஸ். அதே தீவில் முன்பு ஒரு குஞ்சின் வயிற்றில் மட்டும் 276 துண்டுகள் எண்ணியிருக்கிறார்கள். தாயும் தகப்பனும் மிதக்கிற துண்டை இரை என்று எடுத்துக்கொண்டு வந்து பாசத்தோடு ஊட்டுகின்றன, குஞ்சுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், உடம்பில் ஒன்றும் ஒட்டாது. நான் சில்வர் பீச்சில் ஞாயிறு சாயங்காலம் நடக்கப் போவேன். டீ கப், பாக்கெட் கிழிசல், தெர்மோகோல், எல்லாம் கெடிலம் ஆறு கொண்டுவந்து தள்ளுவது. நம்முடைய பிளாஸ்டிக்தான் அந்தக் குஞ்சின் வயிற்றில் இருக்கிறது என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

காலாப்பட்டு:

அக்கா, வருத்தம் சரி, ஆனால் ஒரு திருத்தம் சொல்லியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. லார்ட் ஹோவ் பறவைகள் நம் கடலுக்கு வருவதில்லை. அவையும் நியூசிலாந்துப் பறவைகளும் கூடு முடிந்ததும் வடக்கே பசிபிக்கில் ஜப்பான் பக்கம் போய்விடும். இந்தியப் பெருங்கடலின் வடபகுதிக்கு, இலங்கை, தென்னிந்தியா, அரபிக்கடல் பக்கம் வருவது மேற்கு ஆஸ்திரேலியாவிலும் செயிண்ட் பாலிலும் பிறந்தவை. ஆகவே லார்ட் ஹோவ் குஞ்சின் வயிற்றில் கெடிலத்துக் கப் இருக்க வாய்ப்பு மிகவும் குறைவு. நம் கடலுக்கு வருகிற கூட்டம் நம் கடலில் மிதப்பதைத் தின்னும், அந்தக் கணக்கு தனி.

தம்பியின் மாதமும் இதோடு பொருந்துகிறது. ஏப்ரல் கடைசி, மே முதலில் அங்கே குஞ்சு பறக்கும், குளிர் தொடங்கும், கிளம்பிவிடும். மே முதல் செப்டம்பர் வரை இந்தப் பக்கம் இருக்கும். நம் கோலா சீசனும் அதற்குள்தான் வருகிறது. செயிண்ட் பாலைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். கப்பல்களோடு வந்து இறங்கிய எலி அந்தத் தீவின் பல பறவை இனங்களைத் தின்று தீர்த்தது, அவற்றில் சில பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பாறையில்தான் பிழைத்திருந்தன. 1997இல் மருந்து போட்டு எலியை ஒழித்தார்கள்.

வெள்ளி மணல்:

அப்படியா, நான் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிட்டேன். ஆப்புவாலனுக்குப் பிளாஸ்டிக் பிரச்சினை இல்லையா?

காலாப்பட்டு:

இருக்கிறது, அதன் வயிற்றிலும் எடுத்திருக்கிறார்கள். ஆனால் அதற்குப் பெரிய தலைவலி விளக்கு. குஞ்சு முதல் தடவை வளையை விட்டு ராத்திரியில் பறக்கும், ஹவாயிலும் ரீயூனியனிலும் தெரு விளக்கைப் பார்த்து மயங்கி ஊருக்குள் விழுகின்றன, அங்கே நாயும் பூனையும் காரும் காத்திருக்கும். ஒவ்வொரு வருடமும் ஊர்க்காரர்கள் பெட்டியோடு போய்ப் பொறுக்கி எடுத்துக் கடலில் விடுகிறார்கள்.

வீராம்பட்டினம் மேற்கு:

பெட்டி என்றதும் ஞாபகம் வந்தது. இரண்டு வருடம் முன்னால் சோழகக் காற்று ஓங்கி அடித்த ஒரு வாரத்தில் எங்கள் கரையில் இப்படி ஒரு கருப்புப் பறவை ஒதுங்கிக் கிடந்தது. பையன்கள் "பறக்க மறந்துவிட்டது" என்று தூக்கித் தூக்கி அலையில் போட்டார்கள், அது திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தது, சாயங்காலம் செத்துவிட்டது. ஒரு அலுவலகத்துக்குப் போன் போட்டேன், "வாத்தா சார்?" என்று கேட்டார்கள். அடுத்த தடவை என்ன செய்ய வேண்டும்?

உப்பனாறு:

அலையில் போடவே கூடாது. களைத்த பறவைக்கு இறகில் எண்ணெய் காப்பு போயிருக்கும், நனைந்தால் குளிரிலேயே முடிந்துவிடும். இதற்குக் கால் உடம்பின் பின்பக்கம் இருப்பதால் சமதரையில் நிற்கவே திணறும், அதைப் பார்த்துக் கால் உடைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, உள்ளே வைத்து மூடி, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் விடுங்கள். வாயைத் திறந்து மீன், தண்ணீர் எதையும் திணிக்காதீர்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், பறவைக் காய்ச்சல் இப்போது கடற்பறவைகளிலும் இருக்கிறது. போதாததற்கு பயந்தால் நாற்றமெடுக்கிற எண்ணெயைக் கக்கும், அந்தச் சட்டையை அப்புறம் எறிய வேண்டியதுதான். வனத்துறைக்குச் சொல்லுங்கள். "வாத்தா" என்று கேட்டால் இல்லை, ஆழ்கடல் பறவை என்று சொல்லுங்கள். செத்ததாக இருந்தாலும் அலகு, வால், கால் மூன்றையும் தனித்தனியாகப் படம் எடுத்துப் போடுங்கள். மே மாதத்தில் குட்டைவால் ஷியர்வாட்டர் என்று மூன்றாவது கருப்பு ஒன்றும் தாஸ்மேனியா பக்கத்தில் இருந்து பசிபிக் போகிற வழியில் தப்பி இலங்கை, தென்னிந்தியக் கரைகளில் ஒதுங்கியிருக்கிறது. கையில் பறவை இருந்தால்தான் அதெல்லாம் சரியாகப் பிரிக்க முடியும்.

தேவனாம்பட்டினத்தான்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து 43 படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முக்கால்வாசி வெறும் தண்ணீர், நாலைந்தில் மாமாவின் முழங்கை. ஏழு படத்தில் அலகு தெரிகிறது. அதில் ஆறு ஈயச் சாம்பல், மெல்லிய அலகு, பின்னால் வால் முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆப்புவாலன்தான். ஏழாவது படத்தில் கூட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒன்று மட்டும் இறக்கையை நேராக வைத்துப் போகிறது, உடம்பு பருமன், அலகு வெளுத்து நுனியில் கருப்புப் புள்ளி. அதாவது எனக்குப் பதில் சொன்ன இரண்டு பேரும் சரி, ஆளுக்கு ஒரு படத்தைப் பார்த்துச் சண்டை போட்டிருக்கிறார்கள்!

மாமாவிடம் ஏழாவது படத்தைக் காட்டி இது வேறு என்றேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "வெள்ளைமூக்கனா? அது கூட்டத்தோடு சேராதே, தனியாத்தான் வரும், படகுக் கழிவைத் தேடி பின்னாலேயே வரும்" என்றார். பெயரே வைத்திருக்கிறார், நான் கேட்டபோது சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், "நீ கேட்டது சூரை மேல பறந்ததைத்தானே" என்கிறார்.

நல்லவாடு சோழகன்:

வெள்ளைமூக்கன்! எங்கள் ஊரில் அந்தப் பெயர் இல்லை. ஆடியில் திரும்பக் கடலுக்குப் போகும்போது பெரியவர்களைக் கேட்டுப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.